மாமன் கட்டாத குச்சும் ஒரு லூவர் கதவும்

தில்லையம்மாளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவளுடைய தம்பி கார்த்திகேசன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். தனியாக அல்ல. பந்தல் போட்டு, மேளம் வைத்து, சொந்தபந்தம் முழுவதும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்தில், அத்தனை பேர் கண் முன்னாலும் பார்க்க வேண்டும். கோயில், குளம், நகை, நட்டு என்று மற்ற பெண்களுக்கு இருக்கும் ஆசைகள் எல்லாம் அவளிடம் அடங்கிப் போயிருந்தன. இந்த ஒன்று மட்டும் அடங்கவில்லை. அடங்க அவளும் விடவில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் தையல் டீச்சர். கணவன் தங்கராசு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், பரம சாது. ஒரே மகள் அருள்மொழி. பிறந்த ஊர் சிதம்பரம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, கார்த்திகேசனை வளர்த்து ஆளாக்கியவள் தில்லையம்மாள்தான். அவனுக்குச் சோறு ஊட்டியதும் சட்டை தைத்துக் கொடுத்ததும் அவள்தான். அதனால்தான் அவன் செய்தது அவளுக்கு அவ்வளவு எரிந்தது. ஊரான் செய்திருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பாள்.

நடந்தது இதுதான். 2004ஆம் வருஷம் ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம் அருள்மொழி வயதுக்கு வந்தாள். வீட்டில் ஒரே பரபரப்பு. அந்தப் பரபரப்பில் தில்லையம்மாள் ஒரு தப்புச் செய்தாள். மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் நாத்தனார் சின்னம்மாளுக்கு முதலில் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு, தாய்மாமனான தம்பிக்கு டெலிபோனில் சொன்னாள். சிதம்பரம் என்ன சீமையா, ஒரு பஸ் தூரம்தானே, சேதி கேட்டதும் ஓடி வந்துவிடுவான் என்று நினைத்தாள்.

"ஏன்க்கா, என் அக்கா பொண்ணு சேதி எனக்கு டெலிபோன்ல வருதா?" என்றான் கார்த்திகேசன். "மாமன்காரன் வூட்டுக்கு வெத்தலைப் பாக்கு கொண்டாந்து சொல்ல ஒரு ஆளு இல்லையா அங்க? சின்னம்மா அக்காவுக்கு ஆளு போவுது, எனக்கு மணி அடிக்குதா?"

"டேய், பதட்டத்துல மறந்துட்டேன்டா. நீ என் தம்பிடா, உனக்கு எதுக்கு மொறை?"

"எனக்குத்தான்க்கா மொறை. மாமனுக்கு இல்லாத மொறையா?"

போனை வைத்துவிட்டான். கோபக்காரன், ஆறினால் வந்துவிடுவான் என்று இருந்துவிட்டாள் தில்லையம்மாள். சடங்கு நாளும் வந்தது. பச்சைத் தென்னை ஓலை முடைந்து வாசலில் குச்சு கட்ட வேண்டியவன் தாய்மாமன். அந்தக் குச்சுக்குள்தான் பெண் உட்கார வேண்டும். சீர்த்தட்டும் மாலையும் அவன்தான் கொண்டுவர வேண்டும். காலையிலிருந்து ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் தெருமுனையை எட்டி எட்டிப் பார்த்தாள். பாதி முடைந்த ஓலையைப் போட்டுவிட்டு எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகேசன் வரவில்லை.

"பொறந்த வூடு இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்றாள் சின்னம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது போல எல்லோருக்கும் கேட்கும்படி. தங்கராசுவின் பங்காளி ஒருவர், ஒன்றுவிட்ட மாமன் முறை யாரையாவது வைத்துக் கட்டிவிடலாமே என்று யோசனை சொன்னார். தில்லையம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஓலையைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தாள். புதிதாகக் கட்டிய வீடு. உள்ளறைக்கு இன்னும் கதவு போடவில்லை. தன் பட்டுப் புடவையை எடுத்து அந்த வாசல் நிலையில் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் மகளை உட்கார வைத்தாள். வந்தவர்கள் எல்லாம் காற்றில் ஆடும் அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டாள், அந்த அறைக்குக் கதவு தன் கையால் செய்வது என்று. அதுவும் லூவர் கதவு. சட்டத்துக்குள் முழுப் பலகை அடைக்காமல், மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாகச் சாய்த்துச் சொருகுகிற கதவு. புதுச்சேரிப் பக்கம் பழைய வீடுகளில் நிறைய இருக்கிறது. காற்று உள்ளே வரும், வெளியே நிற்கிறவன் பார்வை வராது. ஓலைக் குச்சும் அதைத்தானே செய்கிறது?

"ஓலைக் குச்சைச் சடங்கு முடிஞ்சா கொளுத்திடுவாங்க. நான் செய்யறது நிக்கும். அவன் எப்ப இந்த வூட்டுக்குள்ள கால் வெச்சாலும் மூஞ்சியில அறையணும்" என்றாள்.

"கதவா அறையும்?" என்றார் தங்கராசு. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு மரவேலை செய்த லூர்துசாமி தலையைச் சொறிந்தார். "லூவரு ரொம்ப பேஜாரு வேலைக்கா. ஒவ்வொரு பட்டையும் நுழையறதுக்கு ரெண்டு பக்கச் சட்டத்துலயும் காடி வெட்டணும். பேசாம கடையில ஒரு கதவு வாங்கி மாட்டிருங்க." அவளுக்குக் கடைக் கதவு வேண்டாம். அவரிடமிருந்தே ஒரு பழைய இழைப்புளியும் உளிகளும் வாங்கிக்கொண்டாள். உளி தீட்டுவதை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டு, இது எங்கே முடியப் போகிறது என்ற முகத்தோடு அவர் போனார். இடித்த வீட்டுத் தேக்குச் சட்டங்கள் புதுச்சேரியிலிருந்து வந்து இறங்கின.

கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. ஜாக்கெட்டுக்கு வெட்டுவது போல முதலில் அட்டையில் மாதிரி வெட்டினாள். சாய்வு எவ்வளவு, பட்டைக்கும் பட்டைக்கும் இடைவெளி எவ்வளவு, மேல் பட்டையின் விளிம்பு கீழ்ப் பட்டையை எவ்வளவு மறைக்க வேண்டும் என்று எல்லாம் அட்டையில் இருந்தது. அட்டையைச் சட்டத்தின் மேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, உளியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை விழுந்தது. சோறு ஊட்டினேனேடா. சட்டை தைச்சேனேடா. உன் பொண்டாட்டிக்குப் பிரசவம் பார்த்தேனேடா. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

இத்தனை கணக்குப் பார்த்தவள் பெரிய கோட்டை விட்டாள். இடது சட்டத்துக்கும் வலது சட்டத்துக்கும் அட்டையைத் திருப்பிப் போடாமல் ஒரே மாதிரி வைத்துக் குறித்துவிட்டாள். வெட்டி முடித்து இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால், ஒரு பக்கத்துக் காடி முன்னால் சாய்கிறது, மறுபக்கத்துக் காடி பின்னால் சாய்கிறது. பட்டை எங்கே நுழையும்? ஜாக்கெட்டின் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளைகளை, மூளையை எங்கேடி கழற்றி வைத்தாய் என்று வகுப்பில் கேட்கிறவள் அவள். தங்கராசு எட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். அன்று அவருக்குக் காபி கிடையாது. அந்தச் சட்டம் வீணானதும் தம்பியின் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அவள் வகுப்பிலேயே மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்த இடங்கள் வெறிச்சென்று கிடந்தன. கார்த்திகேசன் போன் மேல் போன் போட்டான். "உசுரோட இருக்கோம்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். ஊரே அழுதுகொண்டிருந்தபோதும் அவள் கோபத்தில் ஒரு சொட்டு குறையவில்லை.

பொங்கல் கழிந்து கதவு ஏறியது. இரண்டு மடிப்பாக, எண்ணெய் பூசிய தேக்கு, பட்டைகள் எல்லாம் ஒரே சாய்வில். லூர்துசாமியே தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லக்கா, கெட்டிக்காரிதான்" என்றார். உள்ளே இருந்து பார்த்தால் கூடத்தில் நடப்பவர்களின் கால்கள் தெரியும். வெளியே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கதவு செய்தாகிவிட்டது, விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களைக் கதவு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "இது என்ன தெரியுமா? என் கூடப் பொறந்தவன் கட்டாத குச்சு." அங்கே ஆரம்பித்து, மகள் எந்த நாளில் எந்த வேளையில் வயதுக்கு வந்தாள், யாருக்கு யார் சொன்னார்கள், புடவை கட்டி உட்கார வைத்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்வாள். பள்ளித் தலைமை ஆசிரியை கேட்டாள். மாணவிகளின் தாய்மார்கள் கேட்டார்கள். காஸ் சிலிண்டர் போட வந்தவன் கையில் ஸ்பானரோடு நின்று கேட்டான். உள்ளே அருள்மொழி படித்துக்கொண்டிருப்பாள். கதை ஆரம்பித்ததும் மின்விசிறியை வேகமாக வைப்பாள். காற்று போதவில்லை போலிருக்கிறது என்று தாய் நினைத்துக்கொள்வாள்.

வருஷங்கள் போயின. அருள்மொழி பிளஸ் டூ முடித்து, சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விடுதிக்குப் போனாள். மாமன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தில்லையம்மாள் அவளை அனுப்பினாள். இன்னொரு பக்கம், தம்பி மகள் சிவகாமிக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலும் பந்தல் போடுவார்கள். அத்தைக்காரி இல்லாமல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற முடியாது. அன்றைக்கு இருக்கிறது அவனுக்கு.

2011 முடியும்போது தானே புயல் அடித்தது. கொட்டகைத் தகரம் பறந்து எங்கோ போய் விழுந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. கார்த்திகேசன் விழுந்து கிடந்த மரங்களை எல்லாம் சுற்றிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் தண்ணீர் கேனும் மெழுகுவர்த்தியும் கட்டி எடுத்து வந்தான். சத்தம் கேட்டதும் தில்லையம்மாள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வா மச்சான், வா" என்றார் தங்கராசு.

"அக்கா எங்க மாமா?"

தங்கராசு கதவைப் பார்த்தார். கார்த்திகேசன் அருகே வந்து நின்றான். பட்டைகளின் சந்து வழியாக அவன் கால்கள் தெரிந்தன. முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது போலிருக்கிறது, ஒரு கால் வெறுமையாக இருந்தது.

"யக்கா... நல்லாருக்கியா? ஒரு வார்த்தை சொல்லுக்கா."

அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். கால்கள் கொஞ்ச நேரம் நின்றன, பிறகு திரும்பின. அவன் போன பிறகு வெளியே வந்தவள் சொன்னாள்: "அன்னிக்கு நான் நின்னேன் பாருங்க வாசல்ல. இன்னிக்கு அவன் நின்னான்." அந்தத் தண்ணீரை எடுத்துப் போய் வாழைக்கு ஊற்றினாள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாள் அது. தங்கராசு வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரி வரிசையில் போய் நின்றார்.

புயலில் சாய்ந்த பலா மரங்கள் மரவாடிகளில் மலையாகக் குவிந்திருந்தன. அவள் ஒரு பலாவை வாங்கி அறுத்துப் போட்டு, மாசி, பங்குனி வெயில் முழுக்கக் காய வைத்தாள். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. பள்ளி விடுமுறையில் மறுபடியும் அட்டை, பென்சில், உளி. இந்த முறை கை தடுமாறவில்லை. முதல் கதவைவிட இது அழகாக வந்தது. மஞ்சள் பூத்த பலாப் பட்டைகள், வெளிச்சம் பட்டால் பொன்னாக மின்னின. ஆத்திரத்தில் செய்த வேலை இவ்வளவு நேர்த்தியாக வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க முடியாது.

ஆவணியில் அவள் காத்திருந்த நாள் வந்தது. கார்த்திகேசனும் அவன் மனைவி விருத்தாம்பாளும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், சர்க்கரை வைத்து எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்கள். முறை தவறாமல் வந்திருந்தான்.

"யக்கா, சிவகாமி பெரிய மனுஷி ஆயிட்டா. மொத சேதி உனக்குத்தான். இன்னும் ஸ்ரீமுஷ்ணத்துக்குக்கூட சொல்லல" என்றான்.

ஸ்ரீமுஷ்ணம் விருத்தாம்பாளின் பிறந்த வீடு. மாமன்மார் இருக்கும் இடத்துக்குக்கூடச் சொல்லாமல் முதலில் அக்காவிடம் வந்திருக்கிறான். இது பழைய பாக்கிக்கு அவன் கேட்கும் மன்னிப்பு என்று தங்கராசுவுக்குப் புரிந்தது. தில்லையம்மாளுக்கும் புரியாமல் இல்லை. புரிந்ததும் கோபம் இரட்டித்தது. அன்றைக்கே வந்திருக்கலாமே, இன்றைக்குத்தானா முறை தெரிந்தது என்று உள்ளே கொதித்தாள். வெளியே சிரித்தாள். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"வரேன்டா. அத்தை சீர் எப்படி வருதுன்னு பாரு" என்றாள். கார்த்திகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தங்கராசு அன்று நிம்மதியாகத் தூங்கினார், பாவம்.

சிதம்பரத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. ஸ்ரீமுஷ்ணத்து மாமன்மார் பச்சை ஓலையில் பெரிய குச்சு கட்டியிருந்தார்கள். உள்ளே சிவகாமி உட்கார்ந்திருந்தாள். விடுதியிலிருந்து நேராக வந்த அருள்மொழி, மஞ்சள் தண்ணீர்த் தட்டை ஏந்தி அத்தைமார் பக்கத்தில் நின்றாள். நாதஸ்வரம் முழங்க அத்தை சீர் வந்தது. முன்னால் பழத்தட்டுகள், பூத்தட்டுகள், புடவைத் தட்டு. கடைசியாக, நான்கு ஆட்கள் தூக்கிக்கொண்டு, மாலை சாத்தி, சந்தனம் குங்குமம் இட்ட ஒரு லூவர் கதவு.

மேளக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார். "இது என்ன சீரு, கதவு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்க வேண்டும் என்றுதானே அவள் கொண்டு வந்தாள். கதவைக் குச்சுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். வகுப்பில் பேசிப் பழகிய குரல், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் போனது.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி என் பொண்ணு சடங்குக்கு இவன் வரல. டெலிபோன்ல சொன்னேனாம், மொறை தப்பிடுச்சாம். பெத்த புள்ள மாதிரி வளத்த அக்காவை வாசல்ல நிக்க வெச்சான். என் பொண்ணு புடவைக்குப் பின்னாடி உக்காந்தா. மாமன் கட்டாத குச்சை நானே பலகையில செஞ்சேன். அதே மாதிரி ஒண்ணு இவன் பொண்ணுக்கும் செஞ்சு கொண்டாந்திருக்கேன். தெனமும் பாக்கட்டும். பாத்து நெனச்சுக்கட்டும்."

ஸ்ரீமுஷ்ணத்து மூத்த மாமன், "என்ன மச்சான் இது?" என்றார் மெதுவாக. விருத்தாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார்த்திகேசன் கைகளைக் கட்டிக்கொண்டு, மோவாய் நெஞ்சில் படும்படி தலை குனிந்து நின்றான். தில்லையம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. இது போதும், இனி செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

அருள்மொழி தட்டைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல், தண்ணீர் தளும்பாமல் வைத்தாள். பிறகு தாய் முன்னால் வந்து நின்றாள்.

"அன்னிக்கு மாமா வராதது எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றாள். "எனக்கு ஞாபகம் இருக்கறது நீ சொன்னதுதான். காஸ் போட வந்தவனுக்குக்கூட நான் என்னிக்கு வயசுக்கு வந்தேன்னு தெரியும். என் கூடப் படிச்சவளுங்களோட அம்மாங்களுக்கு எல்லாம் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் நான் உக்காந்திருப்பேன், இந்தப் பக்கம் நீ சொல்லிட்டிருப்ப. அந்த ரூம்ல இருந்து வெளிய வரவே கூச்சமா இருக்கும்மா எனக்கு."

"அருளு, உனக்காகத்தான்டி..."

"எனக்காக இல்லம்மா." அவள் ஓலைக் குச்சைக் காட்டினாள். உள்ளே சிவகாமி விசும்புவது வெளியே கேட்டது. "இப்ப இவளுக்கும் ஒண்ணு செஞ்சு கொண்டாந்துட்டியா?"

தில்லையம்மாள் கதவின் சட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டாள். கார்த்திகேசன் தலையை நிமிர்த்தி, "விடு அருளு, அக்காவ ஒண்ணும் சொல்லாத. அது சாப்புடட்டும் மொதல்ல" என்றான். அவன் அப்படித் தனக்காகப் பேசியதை அவளால் தாங்க முடியவில்லை. அவன் திட்டியிருந்தால் சமாளித்திருப்பாள்.

"தூக்குங்கடா அதை" என்று ஆட்களிடம் கத்தினாள். கதவு மறுபடியும் வண்டியில் ஏறியது. அருள்மொழி ஏறவில்லை. குச்சுக்குள் குனிந்து நுழைந்து, சிவகாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைசியாக ஏறிய தங்கராசு, சீட்டில் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்.

புதுச்சத்திரம் தாண்டும் வரை, தம்பிதான் மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான் என்று கறுவிக்கொண்டே வந்தாள். சத்தியத்தை மீறி அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறாள், இல்லாவிட்டால் இப்படிப் பேசுவாளா என்றாள். தங்கராசு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"பாப்பா சொன்னதுல எது பொய்யி, சொல்லு" என்றார்.

பின்னால் கதவு ஒவ்வொரு பள்ளத்துக்கும் தடதடத்தது. கண்ணை மூடிக்கொண்டு, தம்பி தலைகுனிந்து நின்றதை நினைத்துப் பார்த்துக்கொள்ள முயன்றாள். எட்டு வருஷம் அதற்காகத்தானே காத்திருந்தாள். எவ்வளவு முயன்றும் அது வரவில்லை. மகள் தண்ணீர் தளும்பாமல் தட்டைக் கீழே வைத்த விதம்தான் திரும்பத் திரும்ப வந்தது.